எலும்பு கூடிவிடும், கையை மீட்பது தனி வேலை

நீங்கள் கேட்டது இது. அம்மாவுக்கு 61 வயது. விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்து கை கோணிவிட்டது. முதலில் பார்த்த மருத்துவர் எலும்பை இழுத்துச் சரிசெய்து மாவுக்கட்டு போட்டு, இது போதும் என்றார். எட்டு நாள் கழித்துப் பார்த்த இன்னொருவர், அறுவை செய்து எலும்பின் மேல் பிளேட், அதாவது உலோகத் தகடு, வைத்தால்தான் சரிவரும் என்கிறார். யாரை நம்புவது, பழையபடி வேலை செய்ய எத்தனை நாளாகும் என்று கேட்கிறீர்கள்.

எலும்பு முறிவுச் சிகிச்சையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். பதிலைப் படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களைப் பாருங்கள். ஐந்தையும் முழுவதுமாக மடக்கி நீட்ட முடிகிறதா? அந்தக் கையில் மோதிரமோ வளையலோ இன்னும் இருக்கிறதா? இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெறுங்கையாக இருக்கக் கூடாது என்று பல அம்மாக்கள் தயங்குவார்கள். இரண்டு கை வளையலையும் இடது கையிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

விரல்களை முதலில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தையல் தொழில் செய்யும் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் பிளேட் வைத்திருந்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தால் மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்தலாம், அவ்வளவு நேர்த்தியான அறுவை. ஆனால் அவரால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. அசைத்தால் பிளேட் நகர்ந்துவிடும் என்று பயந்து ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டபடியே வைத்திருந்திருக்கிறார். விரல்கள் கட்டைபோல் இறுகிவிட்டன. அசைக்கலாம், அசைக்கத்தான் வேண்டும் என்று யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. மீண்டும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார அவருக்கு ஏழு மாதம் ஆனது. மணிக்கட்டு முறிவில் நான் பார்த்த பெரிய இழப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் விரல்களில் நேர்ந்தவை. பிளேட்டா மாவுக்கட்டா என்பது முக்கியமான கேள்விதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குப் பிறகு வருகிற வேலை ஒன்றுதான், அதைச் செய்ய வேண்டியவர் அம்மா.

இனி முறிவுக்கு வருவோம். முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கையை ஊன்றி விழும்போது உடம்பின் எடை முழுவதும் ரேடியஸின் முனையில் இறங்குகிறது. அந்த முனை உடைந்து பின்பக்கமாக, அதாவது புறங்கைப் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் கை ஒரு முட்கரண்டியின் வளைவு போலத் தெரியும். டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இதை 1814இல் எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, கையால் தொட்டுப் பார்த்தே இது மூட்டு பிசகியது அல்ல, எலும்பு முறிந்தது என்று தெளிவாகச் சொன்னவர் அவர். கோணல் ஆயுளுக்கும் இருக்கும், ஆனாலும் காலப்போக்கில் கை வலியின்றி நன்றாக அசையும் என்றும் எழுதினார். கோணலாகக் கூடினாலும் கை நன்றாக அசையும் என்ற அந்த வரி இன்றும் விவாதத்தில் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதன் வேரும் அதில்தான் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் நாங்கள் பார்ப்பது முக்கியமாக மூன்று விஷயங்கள். முதலாவது சாய்வு. ரேடியஸின் மூட்டுப் பரப்பு இயல்பாக உள்ளங்கைப் பக்கம் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். முறிந்தபின் அது புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்து நின்றால் பிடிமானம் பலவீனமாகும். இரண்டாவது நீளம். எலும்பு நொறுங்கி 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாகிவிட்டால், பக்கத்து எலும்பான அல்னா நீண்டு நின்று சுண்டுவிரல் பக்கம் முட்டும். உள்ளங்கையைத் திருப்பும்போதெல்லாம் வலிக்கும். மூன்றாவது மூட்டுப் பரப்பு. வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் படிபோல மேடு பள்ளம் விழுந்தால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரலாம். இழுத்துச் சரிசெய்த பிறகும் இந்த அளவுகளில் ஏதாவது ஒன்று மிஞ்சி நின்றால், சுறுசுறுப்பாக வேலை செய்கிறவர்களுக்கு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பது வழக்கம். முறிவு மூட்டுக்குள் பல துண்டுகளாகப் போயிருந்தால் சி.டி. ஸ்கேனும் எடுப்போம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. சரிசெய்த எலும்பு சரிசெய்த இடத்திலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது. எலும்பின் பின்பக்கம் நொறுங்கியிருந்தாலோ, வயதாகி எலும்பு மெலிந்திருந்தாலோ, மாவுக்கட்டுக்குள்ளேயே அது மெல்ல மெல்ல நழுவும். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்ததும் இன்னும் எளிதாக நழுவும். அதனால்தான் ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். மூன்று வாரம் தாண்டிவிட்டால் புது எலும்பு பிடித்துக்கொள்ளும். பிறகு நகர்த்துவது பெரிய வேலையாகிவிடும். உங்கள் இரண்டு மருத்துவர்களும் வெவ்வேறு நாளில் எடுத்த வெவ்வேறு எக்ஸ்ரேயைப் பார்த்துப் பேசியிருக்கலாம். முதல் நாள் படத்தையும் எட்டாம் நாள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது?" என்று இரண்டாவது மருத்துவரிடம் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோடு போட்டுக் காட்டுவார். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

வயதும் இதில் சேரும். 65 வயதைத் தாண்டியவர்களில், பிளேட் வைத்தவர்களின் எக்ஸ்ரே அழகாக இருக்கிறது. ஆனால் ஓராண்டு கழித்து அவர்களே தங்கள் கையைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால், மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. பிரிட்டனில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான ஒன்றில் 461 பேரை, தோல் வழியாக எலும்பில் மெல்லிய கம்பி குத்தியவர்கள், பிளேட் வைத்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டில் கையின் செயல்பாட்டில் வேறுபாடு இல்லை. 2022இல் வெளியானதில் 500 பேர். வெளியிலிருந்தே இழுத்துச் சரிசெய்ய முடிந்த முறிவுகளில் மாவுக்கட்டையும் கம்பியையும் ஒப்பிட்டார்கள். அதிலும் ஓராண்டு முடிவில் வேறுபாடு இல்லை. ஆனால் மாவுக்கட்டு போட்டவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு எலும்பு நழுவி, ஆறு வாரத்துக்குள் அறுவை தேவைப்பட்டது. மாவுக்கட்டில் தொடங்குவது தவறில்லை, ஆனால் கண்காணிக்காமல் விடுவது தவறு என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

என்னிடம் வந்த 74 வயதுப் பாட்டி ஒருவருக்கு இதய நோய் இருந்ததால் மாவுக்கட்டோடு விட்டோம். எலும்பு கோணலாகத்தான் கூடியது. மகன் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார். பாட்டியோ அடுத்த தீபாவளிக்குத் தன் கையால் பிழிந்த முறுக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் அம்மாவுக்கு 61. எல்லைக் கோட்டில் நிற்கும் வயது. இந்த வயதில் பிறந்த ஆண்டைவிட, அந்தக் கையை நம்பி என்ன வேலை நடக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். வீட்டு வேலை முழுவதும் அவர் கையில்தான் என்றால், எட்டாம் நாள் படத்தில் எலும்பு நான் சொன்ன அளவுகளைத் தாண்டி நழுவியிருந்தால், வலது கை என்பதையும் சேர்த்து, நான் பிளேட் பக்கம் சாய்வேன். நழுவாமல் நின்றிருந்தால் மாவுக்கட்டையே தொடர்வேன்.

சில நிலைமைகளில் யோசிக்க நேரமில்லை. முறிந்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால், கட்டைவிரல், ஆட்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் அது கூடிக்கொண்டே போனால், விரல்கள் வெளுத்துச் சில்லிட்டால், மற்றொருவர் விரலை லேசாக நீட்டினாலே உயிர்போகும் வலி எடுத்தால், இரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கட்டு இறுக்கமாக இருப்பதால்கூட இது வரலாம். அப்போது கட்டை உடனே பிரித்துத் தளர்த்த வேண்டும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டு வைத்தியத்தில் நான் அஞ்சுவது இதைத்தான். சாதாரண விரிசலாக இருந்தால் எந்தக் கட்டிலும் கூடிவிடும். ஆனால் வீங்குகிற கைக்கு மேல் தளராத கட்டு இருந்தால், சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். விரல்கள் நகம்போல் வளைந்து இறுகிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலைக்குப் பிறகு எந்த அறுவையாலும் பழைய நிலையைத் தர முடியாது.

அறுவை என்று முடிவானால் என்ன நடக்கும் என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயம் பாதியாகும். பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. கழுத்தெலும்புக்குப் பக்கத்திலோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்வார்கள். எளிய முறிவுக்கு, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைக் குத்தி எலும்பை நிறுத்தி, மேலே மாவுக்கட்டு போட்டு, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கம்பியை உருவி எடுப்பார்கள். பிளேட் என்றால், உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டுக்கு மேலே ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குத் திறந்து, தசைநாண்களை ஒதுக்கி, எலும்பைப் பொருத்தி, திருகாணிகள் பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகைத் தகட்டை வைப்பார்கள். மெலிந்த எலும்பிலும் இது பிடிக்கும். மிகவும் நொறுங்கிப்போன முறிவுகளுக்கும் தோல் கிழிந்தவற்றுக்கும் வெளியிலிருந்தே கம்பிச் சட்டம் மாட்டுவதும் உண்டு. டைட்டானியமா, துருப்பிடிக்காத எஃகா என்று கவலைப்பட வேண்டாம், இரண்டும் வேலை செய்யும். எலும்பு கூடிய பின் பிளேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை; தசைநாணை உரசுவது போன்ற தொல்லை இருந்தால்தான் எடுக்க வேண்டும். பிளேட் எலும்பைக் கூட்டுவதில்லை, அசையாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கூடுவது அம்மாவின் உடம்பில் நடக்கிற வேலை, அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

சர்க்கரை நோய், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இதயப் பிரச்சினை எதுவானாலும் முன்பே சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சேர்வதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

முதல் இரவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மரத்துப்போன கை பகல் முழுவதும் வலிக்காது, உடனே நிம்மதியாகிவிடுவோம். மரப்பு தெளியும் நேரத்தில் வலி ஒரேயடியாக வரும். உணர்வு திரும்பத் தொடங்கியதும், வலி வருவதற்கு முன்பே, எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு தலையணை அடுக்கிக் கை நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி வையுங்கள். வீக்கத்தைக் குறைக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. கையைத் தொட்டிலில் தொங்கவிட்டபடியே நாள் முழுவதும் இருப்பது இதற்கு நேர் எதிரானது.

மறுநாள் காலையிலேயே விரல் வேலை தொடங்குகிறது. விரல்களை நேராக நீட்டுவது, கொக்கிபோல் வளைப்பது, முழு முட்டியாக மூடுவது, விசிறிபோல் விரிப்பது, கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்துப் பத்து முறை. சில முறை கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும், முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு குணமாகும் நேரத்தில் தோள் இறுகிவிடும். மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் இதேதான். கொஞ்சம் வலிக்கும். வலிக்கிறது என்றால் உடைகிறது என்று பொருளல்ல என்பதை அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். பிளேட் உறுதியாக இருந்தால் அதையொட்டியே, மாட்டிக் கழற்றும் பட்டைக்கு மாறி, மணிக்கட்டை மெதுவாக அசைக்கச் சொல்வார்கள். பிளேட்டின் உண்மையான லாபம் இந்தச் சில வாரங்கள்தான். மாவுக்கட்டு என்றால் ஐந்தாறு வாரம் கழித்துத்தான் இந்தக் கட்டம் வரும். கட்டைப் பிரித்ததும் கை மெலிந்து, தோல் உலர்ந்து, மணிக்கட்டு துருப்பிடித்த கீல்போல இருக்கும். பல பேர் அன்றைக்குத்தான் அழுவார்கள். அது இயல்பு. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை அமிழ்த்திவிட்டுப் பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் வணக்கம் சொல்வதுபோல் சேர்த்து, முழங்கைகளை மெல்லப் பக்கவாட்டில் உயர்த்தினால் மணிக்கட்டு பின்னோக்கி வளையும். இயன்முறை மருத்துவர்கள் முதலில் சொல்லித்தருவது பெரும்பாலும் இதுதான்.

கடைசியாகத் திரும்பி வருவதும், நம் வாழ்க்கைக்கு அதிகம் தேவைப்படுவதும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறவர்களைவிட, சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிற நமக்கு அந்தத் திருப்பம் மிகவும் வேண்டும். கோயிலில் தீர்த்தம் வாங்கக் கை நீட்டும்போதுதான் அது குறைந்திருப்பதே பலருக்குத் தெரியவரும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, ஒரு மரக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும் பயிற்சியை ஒரு நாளும் விட வேண்டாம்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். முதல் ஆறு வாரம் காபி டம்ளருக்கு மேல் எதையும் அந்தக் கையால் தூக்கக் கூடாது. சாப்பிடலாம், பொத்தான் போடலாம், தலை வாரலாம். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் எக்ஸ்ரே எலும்பு கூடியதைக் காட்டினால் தோசை திருப்பலாம், காய் நறுக்கலாம். தண்ணீர்க் குடம், குக்கர், நனைந்த புடவையைப் பிழிவது எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு. பிடிமானம் கூடிக்கொண்டே போவது ஓராண்டு வரை நடக்கும். ஆறாம் மாதத்தில், இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அம்மா சோர்ந்தால், இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மை.

இடையில் மூன்று அறிகுறிகளைக் கவனியுங்கள். மேசைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்க முடியாமல் போனால், அதன் தசைநாண் அறுந்திருக்கலாம். அறுவை இல்லாமல் ஆறிய சின்ன முறிவிலும், சில வாரங்கள் கழித்துத் திடீரென்று இது நேர்வதுண்டு. தையல் போட்ட இடம் சிவந்து சூடாகிக் கசிந்தால் தொற்று. முறிவின் அளவுக்குப் பொருந்தாத எரிச்சல், தொட்டாலே துடிக்கும் வலி, பளபளக்கும் தோல், கையில் மட்டும் அசாதாரண வியர்வை, இறுகும் விரல்கள் எல்லாம் சேர்ந்து வந்தால், அது நரம்பு சார்ந்த ஒரு வலிநோய். சீக்கிரம் கண்டால் அடக்கலாம். "எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள்.

எண்ணெய் போட்டு நீவலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். எலும்பு கூடும்வரை யாரையும் இழுத்து நீவ விடாதீர்கள். புண் ஆறி மூடிய பிறகு, தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு விரல்நுனியால் வட்டமாகத் தேய்ப்பது நல்லது. தோல் தசைநாணோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். ஆட்டுக்கால் சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பிரண்டைத் துவையல் பிடித்தால் சாப்பிடட்டும், ஆனால் அதை நம்பி நான் அடுத்துச் சொல்லப்போவதை விட்டுவிடாதீர்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிகிறது என்றால், ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அது எலும்பு மெலிந்திருப்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் முறியும் ஆபத்து இவர்களுக்கு அதிகம், இடுப்பு முறிவு ஒரு முதியவரைப் படுக்கையில் தள்ளிவிடும். ஆனாலும் மணிக்கட்டு கூடியதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மருத்துவர்களான நாங்களும் பல நேரம் கேட்க மறந்துவிடுகிறோம். இது என்னை உறுத்துகிற விஷயம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், ரத்தத்தில் வைட்டமின் டி, இந்த இரண்டையும் இந்த மூன்று மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். ஸ்கேன் அறிக்கையில் எலும்பு அடர்த்தியைச் சொல்லும் எண்ணான டி ஸ்கோர் (T-score) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது எலும்புப்புரை நோய். அதற்குப் பயனுள்ள மாத்திரைகளும் ஊசிகளும் உண்டு. கண்புரை இருக்கிறதா, ரத்த அழுத்த மாத்திரை மாற்றியதிலிருந்து தலை சுற்றுகிறதா என்றும் கேளுங்கள். வழுக்கித்தான் விழுந்தார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், தலைசுற்றலாகவும் இருந்திருக்கலாம்.

வாசல் தெளிப்பதை இந்த மூன்று மாதம் நீங்கள் செய்யுங்கள். பாசி பிடித்த இடம் இருந்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கட்டு பிரித்த பிறகு கோலத்தை மட்டும் அம்மாவிடம் விடலாம். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் இடையில் பிடித்து இழுப்பது அந்தக் கைக்கு நல்ல பயிற்சி. முதலில் ஒரு தாம்பாளத்தில் மாவைப் பரப்பி, உட்கார்ந்தபடி போட்டுப் பழகட்டும். பிறகு வாசலில் போடும்போது நீங்கள் பக்கத்தில் நின்று, அவர் அந்தக் கையைத் தரையில் ஊன்றி எழாமல், உங்கள் தோளைப் பிடித்து எழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.